விசிறிவால் வீடு – 9: பன்னிரண்டு கூமுட்டைகள்

அடை வைத்து நூற்று அறுபத்தெட்டு மணி நேரம் ஆகியிருந்தது.

ஏழு நாள் என்றாலும் அதேதான். ஆனால் ஜெயபிரியா விலங்கியல் படித்தவள். தென்காசியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். எதையும் மணிக்கணக்கில் குறித்துப் பழகிவிட்டாள். போன வெள்ளி காலை ஒன்பதுக்கு அம்மா பன்னிரண்டு முட்டைகளை அடைக்கோழிக்குக் கீழே வைத்தாள். இந்த வெள்ளி காலை ஒன்பதுக்கு ஜெயபிரியா கைபேசி விளக்குடன் கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்தாள்.

வெளியே சாரல். தகரக் கூரையில் சத்தம்கூட எழாத அளவுக்கு மெல்லியது.

"என்னட்டி தெரியுது?"

அப்பா கொட்டகை வாசலில் நின்றார். கறுப்புக் கண்ணாடி. இரண்டாவது கண்ணுக்கும் ஆபரேஷன் முடிந்து இருபத்து மூன்று நாள். குனியக் கூடாது, தூசிக்குள் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாசியில் முதல் கண்ணுக்குச் செய்ததிலிருந்தே கொட்டகை அம்மா கையில்தான்.

"இருங்கப்பா."

கரு கூடிய முட்டையை ஏழாம் நாள் விளக்கில் பிடித்தால் சிலந்தி வலை மாதிரி ரத்தக் குழாய்கள் தெரியும். நடுவே ஒரு புள்ளி துடிக்கும். முதல் முட்டையில் அது இல்லை. இரண்டாவதில் இல்லை. பன்னிரண்டாவதையும் பிடித்துப் பார்த்தாள். வெளிச்சம் தடையில்லாமல் மறுபக்கம் போனது.

"ஒண்ணுலயாவது?"

"இல்லப்பா. எல்லாம் கூமுட்டை."

அவள் அப்பா கடற்கரை விரலை மடக்கினார். பிறகு, "மூணாவது தடவ" என்றார்.

பங்குனியில் வைத்தது அத்தனையும் கூமுட்டை. வைகாசியில் வைத்ததும் அப்படியே. அந்த இரண்டு தடவையும் அம்மாதான் பார்த்துச் சொன்னாள். மேலகரத்தில் பதினெட்டு வருடமாகக் கிளிமூக்கு விசிறிவால் கோழிகள் வளர்க்கிற கடற்கரை, முதலில் தீவனத்தைச் சந்தேகப்பட்டு மாற்றினார். அடுத்துப் பெட்டைகளைச் சந்தேகப்பட்டார். "சேவல் சுத்தம். பெட்டை சரியில்லன்னா அது என்ன செய்யும்?" என்று இரண்டு பெட்டைகளையும் விற்றார். இந்த முறை கடையநல்லூர் பீர் மைதீனிடம் போய் வேறு இரண்டு பெட்டைகள் எடுத்து வந்தார். கண் தெளியாவிட்டாலும் அலகின் வளைவைப் பெருவிரலால் தடவித் தடவித் தேர்ந்தெடுத்தவை அவை.

இப்போது சந்தேகப்பட மிச்சம் இருந்தது சேவல் மட்டும்தான்.

அதற்கு ஜமீன் என்று பெயர். மயில் நிறம். கிளி அலகு போல வளைந்து மூடிய மூக்கு, தலையோடு ஒட்டிய சின்னக் கொண்டைப் பூ, வெள்ளைக் கண். வால் மேலே தூக்காமல் முதுகின் மட்டத்திலேயே பின்னால் நீண்டு விரிந்து கிடக்கும். போன வருடம் வெள்ளைக்கழிச்சல் நோயில் பதினான்கு இளம் சேவல்கள் போய்விட்டன. இவன் ஒருவன்தான் தப்பினான். இவன் போனால் அப்பாவின் வகை முடிந்தது.

"உங்கண்ணன் லிங்குக்குப் போனப் போடு" என்றார் அப்பா. "ஐந்தருவி ஓட்டல் மாஸ்டர நாலு மணிக்குக் கூட்டிட்டு வரச் சொல்லு. கறிக்குக் குடுத்திரலாம்."

"அப்பா, இன்னும் ஒரு தடவ..."

"விதை இல்லாத சேவல இன்னொருத்தன் வீட்டுக்குக் குடுத்தா அவனுக்கு ஒரு வருஷம் பாழாப் போவும். நானும் வச்சிக்கிட மாட்டேன். மூக்கு நேரா இருக்குன்னு எத்தன குஞ்சக் கழிச்சிருக்கேன்? அதுகளுக்கு ஒரு நியாயம், இதுக்கு ஒரு நியாயமா?"

ஜெயபிரியா விளக்கை அணைத்துவிட்டு அண்ணன் எண்ணைத் தேடினாள்.

அம்மா பண்பொழிக்குக் கிளம்பி நின்றாள். முருகம்மாள் நான்கு மாதமாக ஒரு வெள்ளிக்கிழமைகூட விடவில்லை. புருஷன் கண் தெளிய வேண்டும் என்று திருமலை முருகனுக்கு நேர்ந்திருந்தாள்.

"நானே பாத்துக்கிடுதேன்னு சொன்னம்லா? லீவு போட்டு வந்து நோண்டிக்கிட்டு நிக்க" என்றாள் மகளிடம்.

"யாரு பாத்தா என்னம்மா? கூமுட்டை கூமுட்டைதானே?"

அம்மா தூக்குவாளியை எடுத்துக்கொண்டாள். மற்ற நாட்களில் விரலில் மாட்டி ஆட்டிக்கொண்டு போகிறவள், இன்று இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"இன்னைக்கு ஒரு நாள் போவாம இருந்தா என்ன?" என்றார் அப்பா.

"உங்க கண்ணுக்குல்லா போறேன்" என்றாள் அம்மா, அவர் கண்ணாடியைப் பார்க்காமல்.

*

கூமுட்டைகளைக் குப்பைக் குழியில் போடத்தான் ஜெயபிரியா எடுத்துப் போனாள். குழிக்குப் பக்கத்தில் தட்டைக் கீழே வைத்தபோதுதான் முதன்முதலாக அவற்றைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தாள்.

எல்லாம் ஒரே அளவு.

புதுப் பெட்டைகளில் ஒன்று நீள முட்டை இடும். இன்னொன்று உருண்டையாக, சின்னதாக இடும். இவை பன்னிரண்டும் ஒரே அச்சில் ஊற்றியவை போல இருந்தன.

ஒன்றை எடுத்தாள். சாரலில் ஓடு நனைந்தது. பெருவிரலால் துடைத்தாள். விரல் பழுப்பானது. துடைத்த இடத்தில் ஓடு வெள்ளையாக இருந்தது.

முகர்ந்து பார்த்தாள். டீத்தூள்.

பண்ணை முட்டையை டீத்தண்ணியில் ஊறவைத்து நாட்டு முட்டை என்று விற்பார்கள். அவள் வேலை பார்க்கும் தெருவிலேயே ஒரு கடையில் உண்டு. பண்ணையில் சேவல் இல்லாமல் இடும் முட்டை. நூற்று அறுபத்தெட்டு மணி நேரம் என்ன, ஒரு வருடம் அடை காத்தாலும் அதில் எதுவும் துடிக்காது.

ஜமீன்மேல் தப்பில்லை. யாரோ முட்டையை மாற்றியிருக்கிறார்கள்.

அப்பாவிடம் ஓடிச் சொல்லத்தான் எழுந்தாள். இரண்டு அடி வைத்ததும் நின்றுவிட்டாள். சொன்னால் அவர் கேட்கப்போகிற அடுத்த கேள்வி, யார் என்பது.

கொட்டகைச் சாவி வீட்டில் நான்கு பேரைத் தவிர யாருக்கும் எட்டாது. அப்பா இல்லை. அவளும் இல்லை. அண்ணன் லிங்கேஸ்வரனுக்குக் கொட்டகை இருக்கிற இடத்தின் மேல் கண். அதை இடித்துவிட்டு அருவிச் சீசனுக்கு வருகிறவர்களுக்கு இரண்டு ரூம் கட்ட வேண்டும் என்று போன மாதம் கேட்டு, அப்பாவிடம் அடி வாங்காத குறையாகத் திரும்பினான். கோழிகள் போனால் இடம் அவனுக்கு. ஐந்தருவியில் அவன் போட்டிருப்பது டீக்கடை வேறு.

மணி பதினொன்று. இன்னும் ஐந்து மணி நேரம்.

முட்டைகளை ஒரு பையில் போட்டு மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

*

ஐந்தருவியில் கூட்டம் ரோடு வரை நின்றது. ஈரத் துண்டும் எண்ணெய் வாசனையுமாக ஆட்கள் அவளை இடித்துக்கொண்டு போனார்கள். லிங்கேஸ்வரன் கொதிக்கிற சட்டியில் வாழைக்காய் பஜ்ஜியைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"என்ன பிள்ள, லீவுல அருவியா? தலைல எண்ணெயே காணும்?"

"ஒரு விஷயம் கேக்கணும்ண்ணே."

"பஜ்ஜி தின்னுட்டுக் கேளு."

"முட்டைய எதுக்கு மாத்தின?"

சத்தம் அவளுக்கே கேட்கவில்லை. அவன், "என்னது?" என்றான். அவள் பையைத் திறந்து ஒரு முட்டையை எடுத்து, விரலை நனைத்துத் துடைத்துக் காட்டினாள்.

"அடைல இருந்தது இது. நம்ம முட்டை இல்ல. கடை முட்டை. நீதானே வச்ச?"

லிங்கேஸ்வரன் கரண்டியை வைத்துவிட்டு முட்டையை வாங்கிப் பார்த்தான். சிரித்தான். அவளுக்குக் கோபம் வந்தது.

"சிரிக்காத. ஜமீனு சாவப் போறான்."

"ஏட்டி, எனக்கு அந்தக் கொட்டகை வேணும்தான். அதுக்காக முட்டைக்குச் சாயம் பூசிக்கிட்டு உக்காருவனா? சீசன்ல எனக்குச் சோறு தின்னவே நேரம் இல்ல." அவன் முட்டையைத் திருப்பிப் பார்த்தான். சிரிப்பு நின்றது. "ஆனா இத வாங்கினது நான்தான்."

"எது?"

"உன் லேபு இருக்குத தெரு மூக்கம்மாக் கடைல. நாட்டு முட்டை பன்னெண்டு வாங்கிட்டு வான்னு அம்மா சொல்லுவா. இதோட மூணு தடவ ஆச்சு. பிள்ள லேபுல நின்னு நின்னு மெலிஞ்சிட்டா, அவளுக்குக் குடுக்கணும்னு சொன்னா."

"எனக்கா?"

"உனக்குத்தான்."

"நான் முட்டையே தின்ன மாட்டேனே. காலேஜ்ல கருவியல் பாடம் படிச்சதுல இருந்து தொட்டதில்ல. அம்மாவுக்குத் தெரியுமே."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சட்டியில் பஜ்ஜி கருகியது. யாரோ இரண்டு டீ கேட்டார்கள். அவன் காதில் விழவில்லை.

"அப்போ நம்ம முட்டை எங்க போவுது?" என்றான்.

அம்மா இரண்டு கையாலும் பிடித்த தூக்குவாளி ஜெயபிரியாவின் கண்முன் இருந்தது.

"பண்பொழி" என்றாள் கடைசியில்.

லிங்கேஸ்வரன் சுற்றிலும் பார்த்தான், அந்தக் கூட்டத்தில் அப்பா நிற்பாரோ என்பது போல.

"வாய மூடு. அப்பாவுக்குத் தெரிஞ்சா அம்மா கதி என்ன ஆவும்? அக்கா கதைய மறந்துட்டியா?"

மறக்கவில்லை. பண்பொழியில் முருகன் மட்டும் இல்லை. அக்கா முத்துலட்சுமியும் இருக்கிறாள். சுரண்டையில் கட்டிக்கொடுத்து மூன்று வருடம் கழித்து, இவளுக்குப் பிள்ளை பிறக்காது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். மாப்பிள்ளைக்கும் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள் என்று அக்கா அப்பாவிடம் கேட்டாள். அப்பா கேட்கவில்லை. அவர்கள் சொன்னதையே நம்பினார். அக்கா வீட்டை விட்டுப் போய், மினிபஸ் ஓட்டுகிற பேச்சிராஜைக் கோயிலில் வைத்துக் கட்டிக்கொண்டாள். அந்த வாசலை மிதித்தவர்கள் இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்றார் அப்பா. இரண்டு வருடமாக வீட்டில் யாரும் அவள் பெயரைச் சொல்லவில்லை.

"எதுக்கு அங்க முட்டை போவுது?" என்றான் லிங்கேஸ்வரன். "அக்கா கோழி வளக்காளோ?"

"தெரியல."

"அப்பாகிட்ட எதுவும் பேசாத. சேவலு போனாப் போவட்டும்."

"தப்பு அதுமேல இல்லண்ணே."

"தெரியும்ட்டி" என்றான் அவன், எரிச்சலோடு.

*

மூன்றே முக்காலுக்கு அம்மா வந்தாள். தூக்குவாளி விரலில் ஆடிக்கொண்டு வந்தது. ஜெயபிரியா அடுப்படிக்குள் பின்னாலேயே போனாள்.

"அம்மா, முட்டை எங்க?"

"எந்த முட்டை?"

ஜெயபிரியா பழுப்பேறிய பெருவிரலை நீட்டினாள். அம்மா அதைப் பார்த்தாள். தண்ணீர்ச் செம்பை எடுத்தாள், குடிக்காமல் வைத்தாள்.

"உங்கப்பாட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லாத."

"ஜமீன வெட்டிருவாங்கம்மா."

"வேற சேவலா கெடைக்காது?"

அம்மா அப்படிப் பேசுகிறவள் இல்லை. வெள்ளைக்கழிச்சல் வந்தபோது ஜமீனை மட்டும் அடுப்படியில் தனியாக வைத்து, மூன்று நாள் மருந்து ஊட்டியவள் அவள்தான்.

வாசலில் பைக் சத்தம் கேட்டது.

ஓட்டல் மாஸ்டர் ஞானதுரை ஒரு சாக்கோடு இறங்கினார். பின்னால் லிங்கேஸ்வரன்.

"அண்ணாச்சி, சும்மாதான் சொல்லுதியன்னு நெனச்சேன். நெசமாவா?" ஞானதுரை ஜமீனைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "இத எப்படி வெட்டுதது? வாலுக்கே தனியா ஒரு சட்டி வேணும் போல."

"வெட்டத்தானே வந்திய?" என்றார் அப்பா.

அவரே உள்ளே போனார். டாக்டர் சொன்னது எதையும் யோசிக்காமல் குனிந்தார். ஜமீன் எதிர்க்கவில்லை. பழகிய கை. அப்பா அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாலை ஒரு கையால் சேர்த்து ஒதுக்கி, மறு கையின் பெருவிரலால் அலகின் வளைவை ஒரு தடவை தடவினார். பிறகு காலைக் கட்டக் கயிறு கேட்டார்.

யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"கயிறு எங்கட்டி?"

"அப்பா" என்றாள் ஜெயபிரியா. "அது நம்ம முட்டை இல்லப்பா."

"என்ன சொல்லுத?"

"அடைல இருந்தது நம்ம முட்டை இல்ல. கடைல விக்குத பண்ணை முட்டை. சாயம் போட்டது." பையிலிருந்து ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

அப்பா ஜமீனை விடாமலே முட்டையை வாங்கினார். பார்க்கவில்லை. விரலால் ஓட்டை உருட்டினார். நகத்தால் ஒரு கீறு கீறினார். அது போதுமாக இருந்தது. அவர் முகம் மாறியது.

"யாரு வச்சது?"

சாரல் கொஞ்சம் வலுத்தது. ஞானதுரை சாக்கை மெதுவாகச் சுருட்டினார்.

"யாருன்னு கேக்கேன்."

"எனக்குத் தெரியாதுப்பா" என்றாள் ஜெயபிரியா. வீட்டில் அவள் சொன்ன முதல் பெரிய பொய்.

அப்பா திரும்பினார். கறுப்புக் கண்ணாடி நேராக லிங்கேஸ்வரனை நோக்கியது.

"ஏலே. நீ வாங்கினியா இத?"

லிங்கேஸ்வரன் ஒரு கணம் அம்மாவைப் பார்த்தான். அப்புறம் தரையைப் பார்த்தான்.

"ஆமா. நான்தான் வாங்கினேன்."

"எதுக்கு?"

லிங்கேஸ்வரன் தலையை நிமிர்த்தவில்லை.

"கொட்டகைய இடிக்கத்தானே? ரூம் கட்டத்தானே? கண்ணு தெரியாதவன்னு நாலு மாசமா என்னைய வச்சு வேடிக்கை பாத்திருக்க." அப்பாவின் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ரெண்டு பெட்டைய வித்தேன். இவன வெட்டக் குடுக்கப் பாத்தேன். பதினெட்டு வருஷம்லே. போ."

"அப்பா..."

"இந்த வீட்டுல ஒருத்தி போனா. நீயும் போ. துணியக்கூட எடுக்காத. இப்பவே போ."

லிங்கேஸ்வரன் பைக் சாவியை எடுத்தான். செருப்பை மாட்டினான். ஒரு சொல் சொன்னால் அவன் போக வேண்டியதில்லை. ஜெயபிரியாவுக்கு அது தெரியும். அவன் சொல்ல மாட்டான் என்பதும் அப்போது தெரிந்தது.

அவன் கேட் வரை போய்விட்டான்.

"லிங்கு, நில்லுலே" என்றாள் அம்மா.

அடுப்படி வாசலில் நின்றவள் முற்றத்தில் இறங்கினாள். சாரல் தலையில் விழுந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்ளவில்லை.

"வாங்கினது அவன். வாங்கச் சொன்னது நான். மாத்தி வச்சது நான். மூணு தடவையும் நான்தான். போச் சொல்லுததா இருந்தா என்னையச் சொல்லுங்க."

அப்பா நம்பவில்லை. "மகனக் காப்பாத்தப் பேசாத முருகம்மா."

"நான் எதுக்குப் பொய் சொல்லுதேன்? ஜமீனுகிட்ட ஒரு குறையும் கெடையாது. நீங்க வித்த பெட்டைககிட்டயும் கெடையாது. நல்ல முட்டைதான் இட்டுது. இடுத முட்டைய எல்லாம் நான் கொண்டுக்கிட்டுப் போயிட்டேன்."

"எங்கன?"

"பண்பொழிக்கு."

கோயிலா என்று அவர் கேட்கவில்லை. கேட்காததிலிருந்தே அவருக்குப் புரிந்துவிட்டது என்று ஜெயபிரியா நினைத்தாள். அவர் கக்கத்தில் ஜமீன் தலையைச் சாய்த்து ஒரு தடவை கொக்கரித்தது.

"அங்க கோழி வளக்காளோ?" என்றார். பெயர் சொல்லவில்லை. "என் வகைய எடுத்து அவளுக்குக் குடுத்தியோ?"

"வளக்கக் குடுக்கல. திங்கக் குடுத்தேன்."

"திங்கவா?" இவ்வளவு நேரத்தில் முதல் தடவையாக அப்பாவின் குரல் உயர்ந்தது. "ஜமீனு முட்டைய அவிச்சித் தின்னாளா? கடைல முட்டை இல்லையா அவளுக்கு?"

"கடை முட்டை எப்படி இருக்குன்னு இப்பத்தானே தடவிப் பாத்திய? அதையா நான் குடுக்க? ஒரு சீரு உண்டா, ஒரு பலகாரம் உண்டா, தாய் வீட்டுல இருந்து யாராவது எட்டிப் பாத்தது உண்டா? ரெண்டு கோழி இடுதது. நாளுக்கு ஒண்ணு. அவ்வளவுதான் என்னால முடிஞ்சது. பாதிய இங்கன வச்சிட்டுப் பாதிய எடுக்கலாம்னு பாத்தா அவளுக்குப் பத்தல."

"ஒருத்திக்கு நாளுக்கு ஒண்ணு பத்தலையா? அப்படி என்ன அவளுக்கு?"

அம்மா அவர் அருகில் போனாள். மிக அருகில், அவர் கண்ணாடியில் தன் முகம் தெரிகிற தூரத்தில் நின்றாள். ஞானதுரை சாக்கோடு பின்னால் நகர்ந்தார். கேட்டில் லிங்கேஸ்வரன் அசையவில்லை.

"பிள்ளை பிறக்காதுன்னு அவங்க சொன்னாங்க. நீங்களும் தலைய ஆட்டிட்டு வந்திய. உங்க மக முத்துலட்சுமிக்கு" என்றாள், அந்தப் பெயரை நிறுத்தி, முழுதாகச் சொல்லி, "இது எட்டாம் மாசம்."